உலோக ஏழை நட்சத்திரமும் இரிடியம் செம்பும்

1. செல்போனில் என் முகம்

பணி ஓய்வு பெற்று தங்கச்சிமடத்துக்குத் திரும்பிய பிறகு எனக்கு வந்த முதல் நெருக்கடி ஒரு செல்போனில் வந்தது. வாசலில் உட்கார்ந்து சூடை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். என் சித்தப்பா மகன் சூசையின் மனைவி பாக்கியம் வந்து, போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மதினி, இது நீங்கதான?"

நான்தான். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் நான் பேசிய பேச்சு. "இரிடியம், பிளாட்டினம், தங்கம் போன்றவை விண்மீன்களின் மிச்சங்கள் ஒன்றோடொன்று மோதும்போது உருவானவை. பூமியின் மேற்பரப்பில் இரிடியம் தங்கத்தைவிட அரிது. அதன் மதிப்பை யோசித்துப் பாருங்கள்" என்று திரையில் இருந்த செலின், அதாவது நான், சொன்னாள். அந்த இடத்தில் பேச்சை வெட்டிவிட்டு ஒரு செப்புச் செம்பின் படத்தைப் போட்டிருந்தார்கள். 'பிரபல விஞ்ஞானி உறுதி செய்தார்' என்று கீழே எழுத்து ஓடியது. பின்னணியில் நாகஸ்வரம் வேறு.

கல்லூரியில் நான் அதோடு நிறுத்தவில்லை. உங்கள் எலும்பில் இருக்கும் கால்சியமும் ரத்தத்தில் இருக்கும் இரும்பும் அப்படி விண்மீன்களில் பிறந்தவைதான், அந்தக் கணக்கில் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் மதிப்புள்ள பொருள்தான் என்று முடித்திருந்தேன். அது அவர்களுக்கு எதற்கு? ரத்தத்தைச் செம்பில் வைத்து விற்க முடியாதே.

"யாரு குடுத்தா இத?" என்று கேட்டேன்.

"ஒங்க தம்பி போன்ல இருந்துச்சு மதினி. மதுரையில இருந்து ஒரு ஏஜெண்ட் வந்துட்டுப் போறான். அந்தச் செம்புல பங்கு வாங்கப் போறாகளாம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வல்லத்த அவன் பேருக்கு எழுதிக் குடுக்கப் போறாக."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது. சூசைக்கு அந்த வல்லத்தை, அந்தச் சின்ன மீன்பிடிப் படகைத் தவிர வேறொன்றும் கிடையாது. எஞ்சினை மாற்றி, உடம்புக்குப் புதுசாக பைபர் பூசி, அதில்தான் நான்கு வயிறு பிழைக்கிறது.

இந்தச் செம்பு விவகாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கோவில் கலசம், ஜமீன் வீட்டுச் செம்பு என்று ஏதாவது ஒன்றைக் காட்டுவார்கள். இடி விழுந்து அதில் இரிடியம் ஏறிவிட்டது, வெளிநாட்டு விண்வெளிக் கம்பெனி வாங்கக் காத்திருக்கிறது என்பார்கள். நிரூபணம் வேண்டுமா? செம்பைப் பக்கத்தில் கொண்டு போனால் அரிசி தானாக அதை நோக்கி நகரும். அரிசியை இழுக்கும் செம்பு. எங்கள் பக்கத்தில் இதை நம்பிக் கையில் இருந்ததை இழந்த குடும்பம் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2. நான் பார்த்த வேலை

நான் பழைய நட்சத்திரங்களின் வேதியியலைப் பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். எங்கள் ஊரில் படித்த பெண் என்றால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாத டீச்சர் நான்.

நட்சத்திரத்தின் ஒளியை வானவில் போலப் பிரித்து நீட்டினால் அதில் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரியும். அதற்கு ஸ்பெக்ட்ரம் என்று பெயர். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள். எந்தக் கோடு இருக்கிறது, எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அளந்தால் அந்த நட்சத்திரத்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதுதான் என் பிழைப்பு.

எங்கள் தொழிலில் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் 'மெட்டல்' என்றுதான் சொல்வோம். ஆக்ஸிஜனும் மெட்டல், கார்பனும் மெட்டல். வேதியியல்காரர்கள் கேட்டால் அடிக்க வருவார்கள். பிரபஞ்சம் தொடங்கியபோது அந்த இரண்டும் துளி லித்தியமும்தான் இருந்தன. மற்றவையெல்லாம் பிறகு நட்சத்திரங்களுக்குள் வெந்தும், அவை வெடித்தும், அவற்றின் மிச்சங்கள் மோதியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவை. ஆகவே ஒரு நட்சத்திரத்தில் மெட்டல் எவ்வளவு குறைவோ அவ்வளவு பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டதை 'மெட்டல்-புவர் ஸ்டார்' என்போம். உலோக ஏழை. நான் லீவுக்கு வந்தபோது இதைக் கேட்ட சூசை, "ஏழைன்னா அதுக்கு ரேஷன் கார்டு குடுத்தாகளாக்கா?" என்று கேட்டு வீடே சிரித்தது.

அந்த ஏழ்மையை அளக்க நாங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது இரும்பை. இரும்புக்குக் கோடுகள் அதிகம், அளக்கச் சுலபம். நான் வாழ்நாள் முழுவதும் அளந்தது இரும்புதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய நட்சத்திரத்தில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மெல்லிய கோட்டைக் கண்டுபிடித்துவிட்டு, துள்ளிக் குதித்துக்கொண்டு எங்கள் குரூப் ஹெட்டிடம் ஓடினேன். அவர் காப்பியைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

"ஏம்மா செலின், இது நட்சத்திரத்துல இருக்கிறதா, வர்ற வழியில ஒட்டிக்கிட்டதா?"

எனக்குப் புரியவில்லை. சொந்தமாகக் கோடு அதிகம் இல்லாத ஒரு சூடான வெள்ளை நட்சத்திரத்தின் ஸ்பெக்ட்ரத்தை எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அதிலும் அதே இடத்தில் அதே கோடு. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் ஈரப்பதம் அது. அன்றிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். சந்தேகப்படத்தான் சம்பளமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாடமும் அவரிடம்தான். ஒரு கட்டுரையின் வரைவில் 'இந்த நட்சத்திரத்தில் தோரியம் இல்லை' என்று எழுதியிருந்தேன். 'இல்லை'யைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"நீ அங்க போய்ப் பார்த்துட்டு வந்தியா?"

"இல்ல சார். கோடு தெரியல."

"அப்ப கோடு தெரியலன்னு எழுது. அதிகபட்சம் இவ்வளவுதான் இருக்க முடியும்னு எழுது. இல்லைன்னு எழுத நீ யாரு?"

அதற்கு 'அப்பர் லிமிட்' என்று பெயர். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எந்த நட்சத்திரத்தைப் பற்றியும் எந்தக் கட்டுரையிலும் நான் 'இல்லை' என்று எழுதியது கிடையாது. வேலையில் ஊறிய பழக்கம் வாயிலும் ஊறிவிட்டது.

3. "இல்லைன்னு சொல்லலேல?"

பாக்கியம் வந்து போன அன்று சாயங்காலமே சூசையைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவனே கேட்டான்.

"அக்கா, நேரடியாக் கேக்குறேன். அந்தச் செம்புல இரிடியம் இருக்கா, இல்லையா?"

நான் என் தொழில் புத்தியில் பதில் சொன்னேன். "பாக்காம எப்படிலே சொல்ல முடியும்? செம்புல என்ன வேணா கலந்திருக்கலாம். இரிடியம்கிறது மண்ணுலகூட எங்கயோ ஒரு துளி இருக்கத்தான் செய்யும். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"இல்லைன்னு சொல்லலேல?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டான்.

மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கப் போன பாக்கியம் கேள்விப்பட்டு வந்தாள். "டீச்சரம்மாவே இருக்குன்னு சொல்லிட்டாகளாம்" என்று தெருவில் பேச்சு. நான் சொன்னது என்ன, தெருவுக்குப் போனது என்ன!

சூசை ஏமாளி கிடையாது. அதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஐஸ் கட்டியின் எடையைச் சந்தேகப்படுவான். மீன் வியாபாரியின் தராசைச் சந்தேகப்படுவான். வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து காற்றை முகர்ந்து பார்ப்பான். அப்படிப்பட்டவன் எப்படி இதில் விழுந்தான் என்று யோசித்தேன். எல்லோரும் நம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பவன் அவன். ஏஜெண்ட் வந்து, "அரசாங்கத்துக்குத் தெரியும், விஞ்ஞானிகளுக்குத் தெரியும், உங்க கிட்டதான் மறைக்கிறாங்க" என்று சொன்னவுடன் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. அவனுடைய சந்தேகத்தையே தூண்டிலில் மாட்டிப் போட்டிருந்தார்கள்.

4. சனிக்கிழமை மதியம்

செம்பை நானும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். சூசை முதலில் தயங்கினான். பிறகு ஏஜெண்டிடம் போனில் பேசிவிட்டு ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை மதியம் அவன் வீட்டு முன்னறையில் நாங்கள் நான்கு பேர்தான்: சூசை, பாக்கியம், ஏஜெண்ட், நான்.

ஏஜெண்டுக்கு சபாரி உடை, நெற்றியில் பெரிய குங்குமம், கையில் தோல் பை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். "அம்மா பேச்சைக் கேட்டுத்தான் எங்க கம்பெனியே நம்பிக்கையா இறங்கிருக்கு" என்றான். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

பித்தளைத் தட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து அரிசியைக் கொட்டினான். மஞ்சள் போட்டுப் பிசைந்த மாதிரி நிறம். சிவப்புப் பட்டுத்துணியில் சுற்றியிருந்த செம்பை எடுத்துப் பக்கத்தில் கொண்டு வந்தான். அரிசி நகர்ந்தது. ஒவ்வொரு மணியாகத் தலை தூக்கி, ஊர்ந்து, செம்பின் அடியில் போய் ஒட்டியது. பாக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்குள் குரூப் ஹெட்டின் கேள்வி ஒலித்தது. இது செம்பில் இருக்கிறதா, அரிசியில் ஒட்டிக்கொண்டதா?

"பாக்கியம், அடுப்படியில இருந்து நம்ம அரிசியில ஒரு கை கொண்டா" என்றேன்.

ஏஜெண்ட் முகம் மாறவில்லை. "ரேஷன் அரிசி செட் ஆகாதும்மா. பச்சரிசி வேணும்."

"பச்சரிசியும் இருக்கு. கொழுக்கட்டைக்கு வாங்கினது."

"பூஜையில வச்சதா இருக்கணும்."

"ஏன், சாமி கும்பிடாத அரிசிக்கு இரிடியம் தெரியாதா?"

பாக்கியம் அதற்குள் பச்சரிசியைக் கொண்டு வந்து வேறொரு தட்டில் போட்டுவிட்டாள். செம்பு பக்கத்தில் போனது. ஒரு மணிகூட அசையவில்லை. நான் நிமிர்ந்து சூசையைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஏஜெண்ட் பெருமூச்சு விட்டான். "அம்மா நட்சத்திரத்தோடவே இருந்தவங்க. அவங்க உடம்புல கதிர் ஏறியிருக்கும். அதான் செம்பு அடங்கிப் போச்சு. கொஞ்சம் வெளிய இருந்தாங்கன்னா..."

சிரிப்புதான் வந்தது. ஆனால் சூசை சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் புதுசு.

"அக்கா, நீங்க செத்த அங்கன வெளிய நில்லுங்க."

"ஏலே, நான் சொல்றதைக் கேளு..."

"இம்புட்டு மதிப்புள்ள பொருளுன்னு நீங்கதான மேடையில சொன்னீக? இப்ப வேணாம்கிறீக. நாளைக்கு இத நீங்களே ஒங்க ஆபீசுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டா நான் என்ன செய்ய?"

தூக்கி வளர்த்த தம்பி இவன். எழுந்து வெளியே போனேன். ஆனால் எழும்போது தரையில் கை ஊன்றுவது போல ஊன்றி, பித்தளைத் தட்டில் மிச்சமிருந்த ஏஜெண்டின் அரிசியில் ஒரு சிட்டிகையை எடுத்துக்கொண்டேன். சாம்பிள் எடுக்காமல் ஓர் இடத்தை விட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் விதி.

வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு கிடந்தது. அதில் தண்ணீர் விட்டு அந்த அரிசியைப் போட்டுக் களைந்தேன். மஞ்சள் கரைந்தது. அரிசி வெளுத்தது. தட்டின் அடியில் கறுப்பாக ஒரு தூள் படிந்தது. அரிசி மேல் யாரோ பசை போட்டு ஒட்டிய தூள். செம்பின் அடியில் காந்தம் வைத்திருப்பார்கள் என்று அப்போதே புரிந்துவிட்டது.

பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள்.

"இங்கன பாருங்க. அரிசி களைஞ்ச தண்ணி இப்படியா இருக்கும்?"

ஏஜெண்ட் எட்டிப் பார்த்தான். ஒரு நொடிதான் யோசித்தான். "அதாம்மா! செம்புல இருந்து எறங்குன இரிடியம் தூளு அது! அத வீணாக்காதீங்க!"

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கருத்தரங்குகளில்கூட இவ்வளவு வேகமாக யாரும் தியரியை மாற்றி நான் பார்த்ததில்லை.

5. துரு

சூசை இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். நான் படித்தவள், ஏஜெண்ட் கம்பெனிக்காரன். நான் சொல்வதும் வார்த்தை, அவன் சொல்வதும் வார்த்தை. இரண்டையும் சூசை சந்தேகப்பட்டான். அதில் தப்பில்லை.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "சூசை, ஒன்னே ஒன்னு சொல்றேன். இரிடியம் எந்தக் கடல் தண்ணியில கெடந்தாலும் ஒன்னும் ஆகாது. உலகத்துலயே துருப்பிடிக்கத் தெரியாத உலோகம் அது. இந்தத் தூளக் கடல் தண்ணியில போட்டு ஒரு ராத்திரி வை. நாளைக்கு அப்படியே கெடந்துச்சுன்னா நீ என்ன செஞ்சாலும் நான் வாயத் தெறக்க மாட்டேன்."

ஏஜெண்ட் அவசரமாக ஏதோ சொல்ல வந்தான். சூசை கையைக் காட்டி நிறுத்தினான்.

"தண்ணி நான் மோந்துட்டு வாரேன். அக்கா தொடக் கூடாது. நீங்களும் தொடக் கூடாது சார்." பிறகு பாக்கியத்திடம் சொன்னான்: "நம்ம பச்சரிசியும் ஒரு தட்டுல அதே தண்ணியில போட்டு வையி. அக்கா தண்ணியில எதுவும் வேல பண்ணியிருந்தா அதுலயும் தெரியும்."

என்னை நம்பாமல் அவன் செய்த ஏற்பாடு அது. என் குரூப் ஹெட் இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார். எனக்குக் கோபமும் பெருமையும் சேர்ந்தே வந்தன.

பொருளை இரவில் அடுத்த வீட்டில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஏஜெண்ட் செம்போடு கிளம்பினான். நாளைக்குப் பத்திரத்தோடு வருவதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் மணி அடிப்பதற்கு முன்பே பாக்கியம் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு தட்டும் முன்னறையில் இருந்தன. சூசை வீட்டுப் பச்சரிசி ஊறி வெள்ளையாகக் கிடந்தது. மற்றத் தட்டின் அடியில் தூள் இருந்த இடமெல்லாம் செம்பழுப்பு.

நங்கூரத்திலும் எஞ்சின் தண்டிலும் வாரம் தவறாமல் துருவைச் சுரண்டுகிறவன் சூசை. விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

"இது இரும்புக்கா" என்றான்.

ஆமாம், இரும்பு. கோடானுகோடி மைல்களுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரங்களில் நான் தேடித் தேடி அளந்த அதே இரும்பு. அங்கே அது குறைவாக இருந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம். இங்கே ஒரு சிட்டிகை இருந்ததில் நான் அழுதுவிட்டேன்.

ஏஜெண்ட் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நான் காவல் நிலையத்தில் போய்ச் சொன்னேன். வீடியோவை நீக்கச் சொல்லியும் எழுதிக் கொடுத்தேன். இன்னும் யாரோ எங்கோ அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

6. சூசை கேட்ட கடைசிக் கேள்வி

வல்லம் தப்பித்தது. சூசை மறுபடி கடலுக்குப் போனான். என்னிடம் மட்டும் பேசவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, கரை வந்த கையோடு மீன் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடாதீக."

"கேளு."

"துரு அரிசியில இருந்துச்சு. சரி, ஒத்துக்கிடுறேன். ஆனா அந்தச் செம்புல என்ன இருந்துச்சுன்னு நாம பாக்கவே இல்லையே?"

அவன் சொன்னது சரி. நாங்கள் சோதித்தது அரிசியைத்தான். செம்பை நான் கையால்கூடத் தொடவில்லை. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எந்தக் கருத்தரங்கில் இந்தக் கேள்வி வந்திருந்தாலும் நான் எழுந்து நின்று, நல்ல கேள்வி, அதை நாங்கள் அளக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். வார்த்தை தொண்டைவரை வந்தும்விட்டது.

அவன் சட்டைப்பையில் போன் இருந்தது. அந்த ஏஜெண்டின் நம்பரை அவன் இன்னும் அழிக்கவில்லை என்று பாக்கியம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

"இல்லலே. அந்தச் செம்புல இரிடியம் கெடையாது" என்றேன்.

"துளிகூடவா?"

"துளிகூடக் கெடையாது."

சூசை என் முகத்தையே பார்த்தான். பொய்யா என்று தேடினான் போல. பிறகு மீன் பையைக் கீழே வைத்தான்.

"இத அன்னைக்கே இப்படிச் சொல்லியிருந்தீகன்னா நான் ஏன்க்கா அவன் பின்னால போகப் போறேன்?"

இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். கட்டுரை எழுதும்போது அப்பர் லிமிட்டே எழுதுங்கள். அதில் மாற்றம் இல்லை. ஆனால் உங்கள் முன்னால் நிற்பவன் தன் வல்லத்தை எழுதிக் கொடுக்கப் போகிறவனாக இருந்தால், 'ஆனால்' என்று இழுக்காதீர்கள். முதலில் இல்லை என்று சொல்லுங்கள். பிறகு உட்கார வைத்துக் காரணத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.